மெய்யான முடிவும் பிழையாகலாம்

வங்கிப் பணித் தேர்வுகளின் தருக்க வினா ஒன்றைப் பார்ப்போம். ‘எல்லா மாம்பழங்களும் பழங்கள், சில பழங்கள் புளிப்பவை. ஆகவே, சில மாம்பழங்கள் புளிப்பவை.’ இம்முடிவு சரியா? புளித்த மாம்பழத்தைச் சுவைத்தவர் ‘ஆம்’ என்பார். வினாவோ நம் அனுபவத்தைக் கேட்கவில்லை. கூற்றுகளிலிருந்து அம்முடிவு கட்டாயம் பெறப்படுகிறதா என்றே கேட்கிறது.

18-ஆம் நூற்றாண்டில் கணித மேதை ஆய்லர் கையாண்ட வட்டப்படங்கள் இதற்கு உதவும். பழ வட்டத்துக்குள் மாம்பழ வட்டம். புளிப்பு வட்டம் பழ வட்டத்தை வெட்டினாலும், மாம்பழ வட்டத்தைத் தொடாமல் நிற்க முடியும். முடிவைப் பொய்யாக்கும் இத்தகைய ஒரு படம் கிடைத்தாலே அதைத் தள்ளிவிடலாம்.

‘இவர் அவ்வூரார், அவ்வூராரில் சிலர் திருடர்கள், ஆகவே, இவரும் திருடர்’ என்பதும் இதே பிழைதான். தேர்வில் இதற்குக் கால் மதிப்பெண் பறிபோகும். வெளியில் ஒருவரின் நற்பெயரே பறிபோகும்.