நான்கு கேமராவுக்கு ஒரு வீடு

'தி பிக் பேங் தியரி' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரின் ரசிகர்களுக்கு ஷெல்டனும் லெனர்டும் குடியிருந்த 4ஏ ஃப்ளாட் அத்துப்படி. அந்த சோபாவில் எந்த மூலையில் உட்கார்ந்தால் வம்பு என்பதுவரை தெரியும். கதைப்படி அந்த வீடு கலிஃபோர்னியாவின் பாசடினா நகரத்தில், ஒரு பழைய கட்டடத்தின் நான்காம் தளத்தில் இருக்கிறது. உண்மையில் அது இருந்தது பர்பேங்கில், வார்னர் பிரதர்ஸ் ஸ்டூடியோவின் 25ஆம் எண் ஸ்டேஜில், தரையோடு தரையாக. 2007 முதல் 2019 வரை 279 எபிசோடுகளுக்கு அதுதான் வீடு. தொடர் முடிந்த பிறகு, ஸ்டூடியோவைச் சுற்றிப் பார்க்க வரும் ரசிகர்களுக்காக செட்டுகளைக் காட்சிக்கு வைத்தார்கள்.

பார்க்கப் போகிறவர்களின் கண் முதலில் சோபாவைத்தான் தேடும். நான் சிபாரிசு செய்வது தலைக்கு மேலே. கூரை கிடையாது. கூரை இருக்கவேண்டிய இடத்தில் இரும்புக் குழாய்களும் அவற்றில் தொங்கும் விளக்குகளும்தான். திரும்பிப் பார்த்தால் ஒரு பக்கச் சுவரும் கிடையாது. படப்பிடிப்பு நடந்த காலத்தில் அந்தப் பக்கம் கேமராக்கள் ஓடுவதற்கு வழவழப்பான தரை, அதற்கு அப்பால் பார்வையாளர்களுக்குப் படிப்படியாக உயரும் இருக்கைகள்.

இந்த அமைப்புக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. 1951இல் லூசில் பாலும் அவருடைய கணவர் டெசி அர்னாஸும் 'ஐ லவ் லூசி' தொடரைத் தொடங்கினார்கள். அன்றைய வழக்கம், நியூயார்க்கிலிருந்து நேரடி ஒளிபரப்பு. மற்ற ஊர்களுக்கு, டிவி திரையையே படம்பிடித்து அனுப்பிய மங்கலான பிரதிதான் போகும். ஹாலிவுட்டை விட்டு நகர மாட்டோம், நல்ல ஃபிலிமில் எடுக்கிறோம் என்று இருவரும் பிடிவாதம் பிடித்தார்கள். செலவு கூடியதால் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு, பதிலுக்குப் படச்சுருள்களின் உரிமையைக் கேட்டு வாங்கினார்கள். மறு ஒளிபரப்பு என்ற சொத்தின் மதிப்பு அப்போது யாருக்கும் தெரியாததால் எளிதில் கிடைத்தது. தொலைக்காட்சி வரலாற்றில் இதைவிடக் கெட்டிக்கார பேரம் நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

லூசிக்கு எதிரே ஆள் உட்கார்ந்து சிரித்தால்தான் நடிப்பு சூடுபிடிக்கும். ஆனால் சினிமா முறையில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் விளக்கை மாற்றிக்கொண்டிருந்தால், சிரிக்க வந்த கூட்டம் தூங்கிவிடும். இந்தச் சிக்கலைத் தீர்க்க வந்தவர் கார்ல் ஃப்ராயிண்ட். 1927இல் வெளிவந்த ஜெர்மன் மௌனப் படம் 'மெட்ரோபோலிஸ்'ஸின் ஒளிப்பதிவாளர்களில் ஒருவர். நிழலை வைத்தே மிரட்டியவர். அவரிடம் இப்போது கேட்டதோ நிழலே இல்லாத வெளிச்சம். மூன்று கேமராக்கள் மூன்று கோணங்களில் ஒரே நேரத்தில் ஓடும்போது, ஒன்றுக்கு அழகாக விழும் நிழல் இன்னொன்றுக்கு மூக்கின்மேல் கறுப்புப் பட்டையாகத் தெரியும். தரையில் விளக்குத் தாங்கிகள் வைத்தால் கேமராக்களுக்கு வழி மறிக்கும். ஃப்ராயிண்ட் பெரும்பாலான விளக்குகளை மேலே ஏற்றி, செட் முழுக்க ஒரே சீராக ஒளியைப் பரப்பினார். கறுப்பு வெள்ளைப் படத்தில் வெளிச்சமும் இருட்டும் கட்டுக்குள் இருக்கவேண்டும் என்பதற்காக, செட்டுக்கே சாம்பல் நிறத்தின் பல சாயல்களில் வண்ணம் அடிக்க வைத்தார். கூரை போனது இப்படித்தான். இந்த வகை நகைச்சுவைத் தொடர்களில் படுக்கையறைக்கும் சமையலறைக்கும் ஒரே பட்டப்பகல் வெளிச்சம் இருப்பதற்கும் காரணம் அதுவே.

பிறகு கேமராக்கள் நான்காயின. நடுவில் நிற்கும் இரண்டும் அறையையும் கூட்டத்தையும் பிடிக்கும். ஓரத்தில் நிற்பவை குறுக்காகப் பார்க்கும்: இடது ஓரக் கேமரா வலப்பக்கம் இருப்பவரின் முகத்தை, வலது ஓரக் கேமரா இடப்பக்கம் இருப்பவரின் முகத்தை. எதிரெதிரே நின்று பேசும் இருவரின் முகங்களும் இப்படி ஒரே டேக்கில் கிடைத்துவிடும். அதற்குத் தோதாகத்தான் வீட்டையும் கட்டுகிறார்கள். சோபாவுக்கு முகம் நம் பக்கம். டிவி பார்ப்பதாகச் சொல்லி எல்லோரும் நம்மையே பார்ப்பார்கள். சாப்பிடும்போதும் கல்யாண வரவேற்பு மேடைபோல எல்லோரும் ஒரே பக்கம் திரும்பியிருப்பார்கள். நம் பக்கத்து நாற்காலி முடிந்தவரை காலியாகவே இருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது மாடிப்படி. நாலு தளம் ஏறி இறங்கிக்கொண்டே கதாபாத்திரங்கள் பேசும் காட்சிகள் தொடர் முழுக்க வருகின்றன. செட்டில் இருந்ததோ ஒரே ஒரு தளத்தின் கூடம். மேலே போகும் படிகள் கண்ணில் படாத இடத்தில் முடிந்துவிடும், கீழே போகும் படிகளும் அப்படியே. நடிகர்கள் ஏறி மறைந்ததும் கேமரா நிற்கும். ஊழியர்கள் ஓடிவந்து கதவு எண்ணையும் சுவரில் ஒட்டியிருப்பதையும் மாற்றுவார்கள். நடிகர்கள் கீழே வந்து, விட்ட வசனத்திலிருந்து மறுபடி ஏறுவார்கள். உண்மையாகவே நாலு தளம் கட்டினால் மேலே விளக்கு இடிக்கும், பார்வையாளர்களுக்கும் ஒன்றும் தெரியாது. லிஃப்ட் பழுது என்று எழுதிவைத்ததால் படிக்கட்டுப் பேச்சுக்குக் காரணமும் கிடைத்தது. அந்த லிஃப்ட் சரியானது 2019இல், கடைசிக்கு முந்தைய எபிசோடில்!

அலங்காரத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் சொல்லவேண்டும். வரவேற்பறையின் வெள்ளைப் பலகைகளில் இருந்த சமன்பாடுகள் கைக்கு வந்த கிறுக்கல்கள் அல்ல. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் இயற்பியல் பேராசிரியரான டேவிட் சால்ட்ஸ்பெர்க் தொடரின் அறிவியல் ஆலோசகராக இருந்து பார்த்துக்கொண்டவை. கதைக்குத் தேவையே இல்லாத இடத்திலும் சரியாக இருந்தது என்பதுதான் மரியாதைக்குரிய விஷயம்.

சிரிப்பொலி பற்றி ஒரு தப்பபிப்பிராயம் உண்டு. பதிவுசெய்த சிரிப்பைப் பொத்தான் அழுத்திச் சேர்க்கும் பெட்டியை சார்லி டக்ளஸ் என்ற ஒலிப்பொறியாளர் 1950களிலேயே செய்துவிட்டார். ஏராளமான தொடர்கள் அதைப் பயன்படுத்தின. ஆனால் பிக் பேங் தியரி பார்வையாளர்கள் முன்னிலையில் எடுக்கப்பட்டது. அவர்கள் தலைக்கு மேலும் மைக்குகள் தொங்கும். சிரிப்பு அடங்கும்வரை நடிகர் அடுத்த வசனத்தைத் தொடங்காமல் காத்திருக்கவேண்டும். ஒரு ஜோக் எடுபடாவிட்டால் எழுத்தாளர்கள் அங்கேயே கூடிப் புதிதாக எழுதித் தருவார்கள். இரண்டாவது டேக்கில் அதே ஜோக்குக்கு அதே சிரிப்பு வராது; வெவ்வேறு டேக்குகளின் சிரிப்பைப் பிசிறில்லாமல் ஒட்டவைப்பது பிறகு ஒலித் தொகுப்பாளரின் தலைவலி.

இதே ஷெல்டனின் சிறுவயதுக் கதையான 'யங் ஷெல்டன்' 2017இல் வந்தபோது ஒற்றைக் கேமரா முறைக்குப் போனார்கள். பார்வையாளர்கள் இல்லை, சிரிப்பொலி இல்லை. ஆகவே நிழல் திரும்ப வந்தது. கேமராவும் அறைக்குள் எங்கே வேண்டுமானாலும் போய் நின்றது. அதன் தொடர்ச்சியாக 2024இல் தொடங்கிய 'ஜார்ஜி அண்ட் மேண்டி'ஸ் ஃபர்ஸ்ட் மேரேஜ்' மறுபடியும் பழைய வழிக்கே, பார்வையாளர்களிடமே வந்து சேர்ந்தது.

லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் போகிறவர்கள் காலியான செட்டைப் பார்ப்பதோடு நிற்காமல், ஏதாவதொரு நகைச்சுவைத் தொடரின் படப்பிடிப்புக்கே பார்வையாளராகப் போக முயலுங்கள். பொதுவாக டிக்கெட் இலவசம், முன்பதிவு அவசியம். இருபது நிமிட எபிசோடுக்குப் பல மணி நேரம் உட்காரவேண்டியிருக்கும் என்பதால், போகும்முன் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.