ஆச்சி சொன்ன கதையும் கட்டுரைப் பாடமும்

சாதியின் நிமித்தம் பாடசாலைகளில் இடம் மறுக்கப்பட்ட பிள்ளைகளுக்கென, கரவெட்டிப் பகுதியிலே சூரன் என்னும் பெரியார் 1914ஆம் ஆண்டில் ஸ்தாபித்த சைவ வித்தியாசாலையே, இன்று தேவரையாளி இந்துக் கல்லூரி என்னும் நாமத்துடன் விளங்குகின்றது. அங்கே கற்று, பின்னர் அங்கேயே ஆசிரியராகவும் கடமையாற்றிய தெணியான், தம் ஜனங்களின் வாழ்வையும் பேச்சையும் நாவல்களிலும் சிறுகதைகளிலும் கௌரவத்தோடு பதித்தார்.

அதற்கு மாறாக, தகப்பனின் சீவற்றொழிலையும், தாயின் வாய்மொழியையும், கோயில் வாசலிலே கண்ட அவமானத்தையும் கட்டுரைக்கு உதவாத விஷயங்களென்று ஒதுக்கி, மாதிரிக் கட்டுரைகளை மனனம் செய்விக்கும் வழக்கம், கிராமத்துப் பிள்ளையின் சுயமரியாதையையே குலைக்கின்றது என்பது என் திடமான அபிப்பிராயம். எழுத்துப்பிழையைப் பிறகு திருத்தலாம். ஆசிரியப் பெருமக்களே, ஆச்சியிடம் கேட்ட கதையைத் தன் சொல்லிலேயே எழுதும்படி பிள்ளையிடம் முதலிற் கேளுங்கள்.