வேண்டினோம், மழை வந்தது

வைகாசிக் கடைசியில் திருப்பூர் மாவட்டத்தின் கொமரலிங்கம் பக்கம் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் அது அமராவதி அணையில் போய்த்தான் நிற்கும். அணையில் எத்தனை அடி தண்ணீர், ராஜவாய்க்காலில் எப்போது திறப்பார்கள், நாற்று விடலாமா என்பதுதான் கேள்வி. மழை பொய்த்த வருஷங்களில் கொங்கு நாட்டு ஊர்களில் மழைச்சோறு எடுக்கும் வழக்கம் உண்டு. பெண்கள் வீடு வீடாகப் போய்ச் சோறு வாங்கி, எல்லாவற்றையும் கலந்து ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, இனி இந்த ஊரில் பிழைப்பில்லை, போகிறோம் என்று ஒப்பாரி வைப்பார்கள். அதைக் கேட்டு வானம் இரங்கும் என்பது நம்பிக்கை. அப்படி எடுத்த பிறகு மழை வந்த கதைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. வேண்டியதற்காகச் சாமி தந்த மழையா அது, வருகிற நேரத்துக்கு வந்த மழையா? அவசரமில்லாத கேள்வி. ஒரு டீயைக் கையில் வைத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில், நாம் எப்போது வேண்டுகிறோம் என்று பார்ப்போம். ஐப்பசியில் வயல் நிறைந்து கிடக்கும்போது யாரும் மழைச்சோறு எடுப்பதில்லை. கிணறு வற்றி, தென்னை மட்டை தொங்கி, மாட்டுக்குத் தீவனம் தீர்ந்த பிறகுதான் எடுக்கிறோம். அதாவது பெரும்பாலும் சித்திரையிலும் வைகாசியிலும். தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் தொடங்கும் வழக்கமான நாள் ஜூன் 1. வைகாசி நடு தாண்டிய கணக்கு அது. அமராவதிக்குத் தண்ணீர் தரும் பாம்பாறும் சின்னாறும் தேனாறும் மேற்கு மலைகளிலிருந்து இறங்குகின்றன. கொமரலிங்கம் மலையின் மறைவில் இருப்பதால் ஊருக்குள் வெறும் காற்று மட்டும் அடித்தாலும், மலையில் பெய்தது ஆற்றில் வந்து சேரும். வறட்சி உச்சிக்குப் போகும் காலமும் மழை புறப்படும் காலமும் அடுத்தடுத்து இருக்கின்றன. வேண்டுதல் சரியாக இரண்டுக்கும் நடுவே வந்து விழுகிறது.

உடம்பு விஷயத்திலும் இப்படித்தான். லேசாகச் சளி பிடித்த அன்று யாரும் மாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிவதில்லை. காய்ச்சல் கொதிக்கும் இரவில் முடிகிறோம். பெரும்பாலான காய்ச்சல்கள் ஏறி, உச்சம் தொட்டு, இறங்குகிறவை. உச்சத்தில் வேண்டினால் அதற்குப் பிறகு மிச்சமிருப்பது பெரும்பாலும் இறக்கம்தான். அம்மன் இறக்கவில்லை என்று இதனால் நிரூபணமாகிவிடாது. ஆனால் வேண்டாமல் இருந்தாலும் அந்த இரவுக்குப் பிறகு காய்ச்சல் இறங்கியிருக்கக்கூடும். இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்வோம்.

2019-ஐ எடுத்துக்கொள்வோம். அந்தக் கோடையில் தமிழ்நாடு வறண்டு கிடந்தது. மழை வேண்டி முக்கியக் கோயில்களில் யாகமும் ஜபமும் நடத்தச் சொல்லி இந்து சமய அறநிலையத் துறை சுற்றறிக்கை அனுப்பியது. யாகங்கள் நடந்தன. அதன் பிறகும் சென்னையின் ஏரிகள் காய்ந்தே கிடந்தன; ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. பிறகு ஆகஸ்ட் மாதம் நீலகிரி அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டி, நிலச்சரிவில் உயிர்கள் போயின. செப்டம்பரில் மேட்டூர் அணை 120 அடியை எட்டியது. இதில் யாகத்தின் பலன் எது? ரயிலைக் காட்டி யாகம் பலிக்கவில்லை என்று ஒருவர் சொல்லலாம். மேட்டூரைக் காட்டிப் பலித்தது என்று இன்னொருவர் சொல்லலாம். அவலாஞ்சியை எந்தக் கணக்கில் எழுதுவது என்று யாருக்கும் தெரியாது. எத்தனை நாளுக்குள், எந்த ஊரில், எவ்வளவு பெய்தால் பலித்ததாக எடுத்துக்கொள்வோம் என்று முன்கூட்டியே பேசிவைக்காவிட்டால், பின்னால் வரும் எந்த மழையும் பதிலாகிவிடும்.

அடுத்து, எண்ணும் விதம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் மேசையை நினைத்துக்கொள்ளுங்கள். நல்ல பீஸ்களை மட்டும் மேசைமேல் அடுக்கி, ஓட்டை விழுந்ததையும் தையல் பிரிந்ததையும் மூட்டையாகக் கட்டிப் பின்னால் ஒதுக்கிவிட்டு, பாருங்கள் எங்கள் தையல் எப்படி என்றால், வந்திருக்கும் பையர் ஒத்துக்கொள்வாரா? மொத்தம் எத்தனை தைத்தீர்கள், எத்தனை கழிந்தன என்றுதான் கேட்பார். வேண்டுதலுக்கும் அந்தக் கேள்வி வேண்டும். வேண்டி நடந்தவை எத்தனை என்பது ஒரு கணக்கு. வேண்டியும் நடக்காதவை, வேண்டாமலே நடந்தவை, வேண்டாமல் நடக்காமலும் போனவை என்று இன்னும் மூன்று கணக்குகள் இருக்கின்றன. நாம் ஊரில் கேட்பதெல்லாம் முதல் கணக்கு மட்டும்தான்.

யாரும் ஏமாற்றுவதால் இப்படி ஆகவில்லை. கோயில்களின் அமைப்பே அப்படி. உடுமலைக்குப் பக்கத்தில் சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலுக்குப் பொங்கல் சமயத்தில் போனால், மாடு கன்று வைத்திருப்பவர்கள் கொண்டுவந்து வைத்த மண் உருவாரங்கள் வரிசை வரிசையாக நிற்கும். பார்க்கவே நெஞ்சு நிறையும். ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு குடும்பத்தின் கவலை இருக்கிறது. வேண்டிக்கொண்டு மாடு பிழைத்தவர் உருவாரம் எடுத்து வருவார். வேண்டிக்கொண்டும் மாடு செத்துப்போனவர் எதை எடுத்து வருவார்? அவர் தொழுவத்தைக் கழுவிவிட்டு வீட்டில் இருப்பார். ஏறத்தாழ இரண்டாயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்பு கிரேக்கத்தில் தியாகோரஸ் என்பவரிடம், கடலில் வேண்டிக்கொண்டு உயிர் தப்பியவர்கள் கோயிலில் வைத்த படங்களைக் காட்டினார்களாம். கடலில் மூழ்கிப்போனவர்களின் படம் எங்கும் இல்லையே என்று அவர் கேட்டதாக ரோமானிய எழுத்தாளர் சிசரோ பதிந்திருக்கிறார். தியாகோரஸை நாத்திகர் என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் கேள்வி நியாயமானது. பக்தி உள்ளவர்களும் கேட்க வேண்டியது.

இனி கொஞ்சம் கணக்கு. நம் பக்கம் பெண் பார்க்க, கிணறு வெட்ட, நிலம் வாங்க என்று எதற்கும் கோயிலில் பூக் கேட்போம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வோம். நினைத்த நிறம் வந்தால் உத்தரவு. ஒரு தடவைக்கு வாய்ப்பு பாதிக்குப் பாதி. மூன்று தடவை கேட்டு மூன்றும் நினைத்தபடியே வருவதற்கு எட்டில் ஒரு பங்கு. கேட்ட வீட்டுக்கு அது மெய்சிலிர்க்கிற விஷயம். ஆனால் எட்டு வீட்டார் மூன்று மூன்று தடவை கேட்டால், சராசரியாக ஒரு வீட்டுக்கு மூன்றும் விழும். பத்து தடவையும் தொடர்ந்து விழுவதற்கு வாய்ப்பு 1,024-இல் ஒன்று. கொங்கு நாட்டில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பத்துப் பத்து தடவை பூக் கேட்டால் அதுவும் யாருக்காவது விழுவது ஏறக்குறைய உறுதி. யாருக்கு என்பதுதான் முன்னால் தெரியாது.

காங்கேயத்துக்கு அருகில் சிவன்மலை முருகன் கோயிலில் உள்ள ஆண்டவன் உத்தரவுப் பெட்டியை நம் மாவட்டத்தில் அறியாதவர் குறைவு. பக்தர் ஒருவரின் கனவில் ஆண்டவர் வந்து ஒரு பொருளைச் சொல்வார். கோயிலில் பூக் கேட்டு உத்தரவு கிடைத்தால் அந்தப் பொருளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூஜை செய்வார்கள். இன்னொருவர் கனவில் வேறு பொருள் வரும்வரை அது அங்கேயே இருக்கும். தண்ணீர் வைத்த பிறகு 2004-இல் சுனாமி வந்தது என்பது பலரும் சொல்கிற உதாரணம். இதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். பெட்டியில் இருக்கும் பொருள் எப்போது, எங்கே, நல்லதாகவா கெட்டதாகவா தாக்கம் தரும் என்று யாரும் முன்னால் சொல்வதில்லை. சுனாமி வராமல் இருந்திருந்தால்? 2005-இல் தமிழ்நாட்டில் பெருவெள்ளம் வந்தது. தண்ணீருக்கு அது பொருந்தியிருக்கும். அதுவும் இல்லையென்றால் ஒரு வறட்சி, ஒரு காவிரி வழக்கு. தண்ணீர் செய்தியாகாத வருஷம் நம் நாட்டில் ஏது? பெட்டியை வணங்குகிறவர்கள்மேல் எனக்குக் குறையேதும் இல்லை. பெட்டி முன்கூட்டிச் சொன்னது என்கிற வாதத்தை மட்டும்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இங்கேதான் எல்லோருக்கும் வருகிற ஒரு குழப்பம் இருக்கிறது. இதற்காகத்தான் இவ்வளவு தூரம் நடந்தோம். தற்செயல் என்று யாராவது சொன்னால், காரணமே இல்லாமல் சும்மா நடந்தது என்று நம் காதில் விழுகிறது. உடனே மனம் முரண்டு பிடிக்கிறது. ஐ.சி.யு.வில் கிடந்த பிள்ளை கண் திறந்தது சும்மாவா? நியாயமான கோபம். ஆனால் தற்செயல் என்பதற்கு அது பொருளே அல்ல. பிள்ளை பிழைத்ததற்குக் காரணம் இருக்கிறது: மருந்து, நர்ஸம்மாவின் விழிப்பு, பிள்ளையின் உடம்பு. அம்மா அந்த நேரத்தில் வேண்டியதற்கும் காரணம் இருக்கிறது: அவள் தவிப்பு. இரண்டும் தத்தம் காரணத்தோடு தத்தம் வழியில் வந்து ஒரே வேளையில் சந்தித்தன என்பதுதான் தற்செயல். கேள்வி அந்த இரண்டையும் இணைக்கும் முடிச்சைப் பற்றியது. ஒன்று இன்னொன்றை இழுத்து வந்ததா என்பது மட்டுமே கேள்வி. பிள்ளை பிழைத்த அற்புதத்திலிருந்து ஒரு துளியையும் தற்செயல் என்ற பதில் குறைத்துவிடாது. அந்த அம்மாவின் வேண்டுதலைப் பொய் என்றும் அது சொல்லவில்லை.

அந்த முடிச்சைச் சோதித்துப் பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் ஹெர்பர்ட் பென்சன் என்ற மருத்துவரின் குழு ஆறு மருத்துவமனைகளில் பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1,802 பேரை மூன்று பிரிவாக்கியது. 2006-இல் முடிவு வெளியானது. தமக்காகப் பிறர் வேண்டுகிறார்களா என்று தெரியாமலே வேண்டப்பட்டவர்களில் 52 சதவீதம் பேருக்கு அறுவைக்குப் பின் ஏதோ ஒரு சிக்கல் வந்தது. அதேபோல் தெரியாமல், வேண்டப்படாதவர்களில் 51 சதவீதம். வேண்டுகிறார்கள் என்று தெரிந்தே வேண்டப்பட்டவர்களில் 59 சதவீதம். எனக்காக வேண்டுகிற அளவுக்கு என் நிலைமை மோசமா என்ற பயம்கூட அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று ஊகித்தவர்கள் உண்டு, அது ஊகம்தான். முந்தைய இரண்டு பிரிவுகளுக்கும் இடையே வித்தியாசம் என்று சொல்ல எதுவும் இல்லை.

கடவுள் என்ன, சோதனைக்கூடத்தில் வந்து கைகட்டி நிற்பாரா என்று நீங்கள் கேட்கலாம். நிற்க மாட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் நடந்ததைச் சாட்சியாகக் காட்டவும் முடியாது. நடக்காதது கணக்கில் சேராது என்றால் நடந்தது மட்டும் எப்படிச் சேரும்? அருள் இருக்கிறது என்று நம்புவதற்கு எவருக்கும் உரிமை உண்டு. எண்ணிக்கையால் அதைத் தட்டிப் பறிக்க முடியாது. ஆனால் வேண்டியது நடந்ததை அதற்கு ஆதாரமாக வைத்தால், அந்த ஆதாரம் நிற்கவில்லை. என் முடிவு இதுதான்.

இது வெறும் வாதத்துக்கான விஷயமாக இருந்தால் இவ்வளவு சொல்லியிருக்க மாட்டேன். பலித்த வேண்டுதலைச் சாமியின் கையெழுத்தாக எடுத்துக்கொள்ளும் ஊர், பலிக்காத வேண்டுதலுக்கு ஒரு குற்றவாளியைத் தேடும். பழனிக்குப் பாதயாத்திரை போனபோது விரதத்தில் ஏதாவது குறை வைத்தாயா, குலதெய்வத்துக்குப் பாக்கி ஏதும் இருக்கிறதா என்று, பிள்ளையைப் பறிகொடுத்தவளிடமே போய்க் கேட்பார்கள். குழந்தைக்காகக் கோயிலில் தொட்டில் கட்டி, வருஷக்கணக்கில் காத்திருக்கும் பெண்ணிடமும் கேட்பார்கள். அவள் ஏற்கெனவே அதைத் தனக்குள் ஆயிரம் தடவை கேட்டிருப்பாள். அவள் வைத்த குறை எதுவும் இல்லை. வேண்டியும் நடக்காதவர்கள் நடந்தவர்களுக்குப் பக்கத்து வீட்டிலேயே இருக்கிறார்கள். பக்தியில் இவர்கள் அவர்களுக்கு ஒரு படிகூடத் தாழ்ந்தவர்கள் அல்லர்.

வேண்டிக்கொள்ளுங்கள், அதில் ஆறுதல் கிடைக்கிறதென்றால் யாரும் குறுக்கே நிற்க வேண்டாம். நேர்த்திக்கடனைச் செலுத்துங்கள். அடுத்த முறை துக்க வீட்டுக்குப் போகும்போது மட்டும், வேண்டுதலில் என்ன குறை என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.