கேத்லீன் பூத் வகுத்த குறியீட்டு முறை

கணிப்பொறிக்கு ஆணையிடும் மொழிகளின் வரலாற்றில் உரிய இடம் பெறாதவர் கேத்லீன் பூத் (1922-2022). இலண்டன் பிர்க்பெக் கல்லூரியில், ரிலேக்களால் இயங்கிய ஏ.ஆர்.சி. பொறிக்கென 1947இல் அவர் ஆணைக் குறியீட்டு முறையொன்றை வகுத்தார்.

பொறி அறிவது இரும எண்களையே. அவ்வெண்களை நேரே எழுதுபவர் தம் பிழையைத் தாமே கண்டறிதல் அரிது. கேத்லீன் ஒவ்வோர் ஆணையையும் சில எழுத்துகளாலும் குறிகளாலும் சுருக்கி எழுதினார். எண்ணை எங்கிருந்து எடுப்பது, எங்கே இடுவது என்பது படித்த அளவிலேயே புலனாயிற்று. அசெம்பிளி மொழியின் தொடக்கம் இதுவெனக் கருதுவர்.

இம்முறையில் ஒரு குறிக்கு ஒரே பொருள். இயற்கை மொழியில் அவ்வாறன்று. மொழிபெயர்ப்பாளர் நாள்தோறும் காணும் உண்மை இது. 1950களில் அதே கல்லூரியில் அவருடைய கணவர் ஆண்ட்ரூ பூத் முன்னின்று நடத்திய எந்திர மொழிபெயர்ப்பு ஆய்வும் இச்சிக்கலையே எதிர்கொண்டது.

கணவரின் புகழ் நிழலில் கேத்லீனின் பங்கு மங்கியது வியப்பன்று. 1953இல் வெளிவந்த கூட்டு நூலில் அவர் பெயர் இரண்டாவது. 1958இல் நிரலாக்கம் பற்றித் தனியே எழுதிய நூலிலும் 'கே.எச்.வி. பூத்' என முதலெழுத்துகளே உள்ளன. ஆசிரியர் பெண் என்பது அதனால் தெரிவதில்லை.