ஹை-ரெஸ் மியூசிக் பிளேயர்: பணம் கட்டும் முன் பாட்டு எங்கிருந்து வரும் என்று பாருங்கள்

சின்னசேலத்தில் இருந்து பஸ் ஏறினால் ஒரு பக்கம் கள்ளக்குறிச்சி, இன்னொரு பக்கம் ஆத்தூர், சேலம். வழிநெடுக போன் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஹை-ரெஸ் மியூசிக் பிளேயர் ஒன்றைக் கையில் எடுத்து, உங்கள் இயர்போனை மாட்டி, நாலு பாட்டு கேட்டுப் பார்த்து வாங்கும் கடையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதனால் இந்த ஊர்ப் பக்கம் இருப்பவர்கள் பெரும்பாலும் காதால் கேட்டு வாங்குவதில்லை. யூடியூப் விமர்சனத்தையும் பெட்டியின் மேல் அச்சிட்ட எண்களையும் பார்த்து ஆன்லைனில் வாங்குகிறார்கள். எண் பெரிதாக இருந்தால் ஒலியும் நன்றாக இருக்கும் என்று தோன்றுவது இயல்புதானே?

தொகையும் சின்னது அல்ல. 2023-ல் சோனி இந்தியாவில் இறக்கிய வாக்மேன் என்.டபிள்யூ-ஏ306-ன் அறிமுக விலை 25,990 ரூபாய். அதே ஆண்டு வந்த இசட்.எக்ஸ்.707-ன் விலை 69,990 ரூபாய். வேலைக்குச் சேர்ந்து ஓரிரு வருடம் ஆன பலருக்கு முதலாவதே ஒரு மாதச் சம்பளம்.

அந்த எண்களுக்கு என்ன அர்த்தம்?

1982-ல் வந்த சிடி, ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட்டில் எழுதி வைத்தது. நொடிக்கு எத்தனை முறை அளக்கிறோமோ, அதில் பாதி அதிர்வெண் வரையிலான ஒலியைத் திரும்ப அப்படியே உருவாக்க முடியும். அதாவது சிடியால் சுமார் 22 கிலோஹெர்ட்ஸ் வரை தர முடியும். மனிதக் காது கேட்பது அதிகபட்சம் 20 கிலோஹெர்ட்ஸ். வயது ஏற ஏற அதுவும் இறங்கிக்கொண்டே வரும்.

பிட் என்பது மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கலாம் என்பதைச் சொல்வது. 16 பிட் என்றால் சுமார் 96 டெசிபல். 24 பிட் என்றால் ஏட்டளவில் 144 டெசிபல். பெட்டியில் 24 பிட்/96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்/192 கிலோஹெர்ட்ஸ் என்று போட்டிருப்பது இதைத்தான். தங்க நிறத்தில் ஒட்டியிருக்கும் ஹை-ரெஸ் முத்திரை ஜப்பான் ஆடியோ சொசைட்டியுடையது. அந்தக் கருவியால் 24 பிட்/96 கிலோஹெர்ட்ஸ் தரத்தைக் கையாள முடியும் என்பதற்கான அடையாளம் அது. உங்களுக்கு வித்தியாசம் கேட்கும் என்ற உத்தரவாதம் அல்ல.

உண்மையில் கேட்குமா? 2007-ல் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டி இதழில் மேயர், மோரன் என்ற இருவர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். எது ஹை-ரெஸ், எது சிடி தரம் என்று சொல்லாமல் மாற்றி மாற்றிக் கேட்கவைத்தார்கள். 554 முயற்சிகளில் 276 சரி. காசு சுண்டிப் போட்டிருந்தாலும் ஏறக்குறைய இதே விடைதான் வந்திருக்கும். 2016-ல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரைஸ் 18 ஆய்வுகளைச் சேர்த்து அலசியபோது சரியான விடை 52.3 சதவீதம் என்று வந்தது. பயிற்சி பெற்ற காதுகளுக்கு அது இன்னும் கூடியது. ஆக, வித்தியாசமே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அது மயிரிழை அளவு. அதுவும் அமைதியான அறையில், கவனமாக உட்கார்ந்து கேட்டால்.

நம்ம ஊர் நிலைமைக்கு வருவோம். எழும்பூர்–சேலம் எக்ஸ்பிரஸில் இரவில் ஏறி சின்னசேலம் வருகிறீர்கள். அல்லது ஜன்னல் திறந்த டவுன் பஸ்ஸில் கள்ளக்குறிச்சி போகிறீர்கள். சுற்றி 70, 80 டெசிபல் இரைச்சல். பாட்டில் 30 டெசிபலில் ஒலிக்கும் ஒரு மெல்லிய தம்புரா இழை, 16 பிட்டில் இருந்தால் என்ன, 24 பிட்டில் இருந்தால் என்ன? இரண்டும் பஸ் இன்ஜினுக்கு அடியில் போய்விடும். இந்த இடத்தில் உதவுவது காதை நன்றாக அடைக்கும் இயர்போன் மட்டுமே.

பாட்டு ஃபைல் எங்கே இருக்கிறது?

வாங்குபவர்கள் கடைசியாக யோசிப்பதும், முதலில் யோசிக்க வேண்டியதும் இதுதான். தமிழ்ப் படப் பாடல்களை ஹை-ரெஸ் ஃபைலாகக் காசு கொடுத்து வாங்கிச் சொந்தமாக வைத்துக்கொள்ள வழி மிகக் குறைவு. தனி இசைக் கலைஞர்கள் சிலர் பேண்ட்கேம்ப் போன்ற தளங்களில் தருகிறார்கள். மற்றபடி சாதாரண ஆளுக்கு நேர்மையான வழி இரண்டு. வீட்டில் இருக்கும் பழைய சிடிகளைக் கணினியில் ஃபிளாக் ஃபைலாக மாற்றிக்கொள்வது ஒன்று. லாஸ்லெஸ் தரும் ஸ்ட்ரீமிங் சேவைக்குச் சந்தா கட்டுவது இன்னொன்று. ஆப்பிள் மியூசிக் 2021 ஜூனில் இருந்து கூடுதல் கட்டணம் இல்லாமல் லாஸ்லெஸ் தருகிறது.

ஃபிளாக் என்பது ஜிப் ஃபைல் மாதிரி. அளவு சுருங்கும், உள்ளே எதுவும் தொலையாது. எம்பி3 அப்படியல்ல, காதுக்குத் தெரியாது என்று நினைப்பதை வெட்டி எறிந்துவிடும். ஒருமுறை எறிந்தது திரும்பாது.

இதனால்தான் வாட்ஸ்அப், டெலிகிராமில் சுற்றும் ‘இளையராஜா ஹை-ரெஸ் கலெக்‌ஷன்’ வகையறாக்களைக் கண்டு மயங்க வேண்டாம். உரிமை இல்லாமல் பகிரப்படுவது என்பது ஒரு பக்கம். பழைய எம்பி3-யையே ஃபிளாக் ஆக மாற்றி அளவை ஊதிப் பெருக்கி வைத்தவையும் அதில் கலந்து கிடக்கும். ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் ஃபைலைத் திறந்தால் அதன் அலைவரிசைப் படம் தெரியும். 16 கிலோஹெர்ட்ஸில் கத்தி வைத்து வெட்டியது போல நின்றிருந்தால் அது பெரும்பாலும் 128 கேபிபிஎஸ் எம்பி3-யில் இருந்து வந்தது. அதை 70 ஆயிரம் ரூபாய் பிளேயரில் போட்டாலும் வெட்டியது முளைக்காது.

பழைய பாட்டு ரசிகர்களுக்கு இன்னொரு விஷயம். எம்.எஸ்.விஸ்வநாதனின் அறுபதுகளின் பாடல்கள் மோனோவில் பதிவானவை. ‘அன்னக்கிளி’ (1976) காலத்துப் பதிவுகள் காந்த நாடா காலத்தவை. அந்த நாடாவின் சொந்த இரைச்சலே பின்னணியில் இருக்கும். 16 பிட் அதற்குத் தாராளம். அந்தப் பாடல்களில் நாம் கேட்கும் பெரிய வித்தியாசம், நல்ல மூலப் பதிவில் இருந்து கவனமாக மாற்றினார்களா, தேய்ந்த இசைத்தட்டில் இருந்து மாற்றினார்களா என்பதில்தான் இருக்கிறது. ஒரே பாட்டின் இரண்டு சிடிகளே வேறு வேறு மாதிரி ஒலிப்பது அதனால்தான்.

புளூடூத்தா? அப்போ நிறுத்துங்கள்

உங்களிடம் இருப்பது புளூடூத் இயர்போன் மட்டும் என்றால் தனி பிளேயரால் பெரிய பயன் இல்லை. புளூடூத்தில் அனுப்பும்போது பாட்டு மறுபடி சுருக்கப்படுகிறது. அந்தச் சுருக்கங்களில் உயர்ந்த ரகங்களில் ஒன்றான எல்டாக் அதிகபட்சம் 990 கேபிபிஎஸ். நெரிசலான இடத்தில் 330-க்கும் இறங்கும். சிடி தரத்துக்கே சுருக்காத நிலையில் 1,411 கேபிபிஎஸ் வேண்டும். தவிர, ஒலியாக மாற்றும் டாக் சிப் இயர்போனுக்குள்ளேயே இருக்கிறது. பிளேயருக்குள் இருக்கும் விலை உயர்ந்த சிப் அப்போது வேலையில்லாமல் சும்மா இருக்கும்.

வயர் இயர்போன் இருக்கிறது, போனில் ஓட்டை இல்லை என்பதுதான் பிரச்னை என்றால், சுமார் ஆயிரம் ரூபாயில் தொடங்கும் யு.எஸ்.பி-சி டாங்கிள் போதும். விரல் நீள வயருக்குள் ஒரு டாக் சிப், ஒரு குட்டி ஆம்ப்ளிஃபையர். (ஆப்பிளின் டாங்கிளில் சில ஆண்ட்ராய்டு போன்களில் சத்தம் குறைவாக வரும், வாங்கும்முன் உங்கள் மாடலுக்குப் பொருந்துமா என்று பாருங்கள்.) டாங்கிளுக்கு 2,000, நல்ல இயர்போனுக்கு 4,000 என்று செலவழித்தவர், 26 ஆயிரம் பிளேயரில் 500 ரூபாய் இயர்போன் மாட்டியவரைவிட நிச்சயம் நல்ல இசை கேட்பார். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பின்னே யாருக்குத்தான் பிளேயர்?

சிலருக்கு நியாயமாகவே தேவை. கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் கல்வராயன் மலைப் பாதையில் சிக்னல் வரும், போகும். மலையில் பணிபுரியும் ஆசிரியருக்கோ செவிலியருக்கோ ஸ்ட்ரீமிங்கை நம்ப முடியாது. போனிலேயே டவுன்லோடு செய்யலாமே என்றால், செய்யலாம். ஆனால் சந்தா முடிந்தால் அந்தப் பாட்டுகளும் போய்விடும், போனின் சார்ஜையும் அதுவே தின்னும். சொந்தமாகச் சில நூறு சிடி சேர்த்தவர், பாட்டு கேட்கும்போது ஆபீஸ் மெசேஜ் வந்து விழக் கூடாது என்று நினைப்பவர், பெரிய வயர் ஹெட்போன் வைத்திருப்பவர் ஆகியோரும் இந்தப் பட்டியலில் வருவார்கள்.

இவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது ஆண்ட்ராய்டு உள்ள பிளேயரா, இல்லாததா என்பது. ஆண்ட்ராய்டு இல்லாதவை விலை குறைவு, சார்ஜ் நிற்கும், ஆனால் உங்களிடம் ஃபைல் இல்லையென்றால் வெறும் டப்பா. ஆண்ட்ராய்டு உள்ளதில் ஆப்பிள் மியூசிக் போடலாம். ஆனால் அதன் ஆண்ட்ராய்டு பதிப்பு பழசாகிவிட்டால், நாலைந்து வருடத்தில் செயலிகள் ஒவ்வொன்றாகக் கைவிடும். கடைக்காரர் சொல்ல மாட்டார், நீங்கள்தான் பதிப்பு எண்ணைக் கேட்க வேண்டும்.

அடுத்தது ஹெட்போனைத் தள்ளும் சக்தி. காதுக்குள் செருகும் இயர்போன்களில் 1 மில்லிவாட்டுக்கு 105 டெசிபல் தருபவை சாதாரணம். அவற்றுக்கு எந்த பிளேயரும் போதும். சென்ஹைசர் எச்டி 600 போன்ற 300 ஓம் ஹெட்போன் என்றால் கதை வேறு. ஏ306 தருவது 16 ஓமில் பக்கத்துக்கு 35 மில்லிவாட். 300 ஓமில் அது 2 மில்லிவாட் அளவுக்குச் சுருங்கிவிடும். பாட்டு கேட்கும், ஆனால் உச்ச இடங்களில் மூச்சு வாங்கும்.

மெமரி கார்டு இடம் கட்டாயம் இருக்கட்டும். ஐந்து நிமிடப் பாட்டு சிடி தர ஃபிளாக்கில் சுமார் 30 எம்.பி., 24/96-ல் சுமார் 100 எம்.பி. 256 ஜி.பி. கார்டில் முதல் வகை 8,000 பாட்டு வரை கொள்ளும், இரண்டாவது 2,500 தான்.

ஃபியோ, ஹைபை, ஷான்லிங் போன்ற சீன நிறுவனங்களின் பிளேயர்கள் சோனியைவிடக் குறைந்த விலையிலும் கிடைக்கின்றன. இந்திய வாரன்டி உண்டா, பில் தருவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பேட்டரி உள்ளேயே ஒட்டப்பட்டிருக்கும். மூன்று வருடம் கழித்து அதை மாற்ற சின்னசேலத்தில் இருந்து எந்த ஊருக்கு அனுப்ப வேண்டும் என்று இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

சக்தி அதிகமுள்ள பிளேயரில் ஓர் ஆபத்தும் உண்டு. இரைச்சலை மீறிக் கேட்க வால்யூமை ஏற்றிக்கொண்டே போவோம். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல்படி 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான். தினமும் ஒரு மணி நேரம் பஸ் பயணம் செய்பவர் வெள்ளிக்கிழமைக்குள் அந்த அளவைத் தாண்டிவிடுவார். அப்படி இழந்த கேட்கும் திறன் திரும்புவதில்லை.

ஆன்லைனில் வாங்கிவிட்டீர்கள் என்றால், திருப்பி அனுப்பும் தேதி முடிவதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். நன்றாகத் தெரிந்த ஒரே பாட்டை, ஒரே இயர்போனில், பிளேயரிலும் டாங்கிள் மாட்டிய போனிலும் கேளுங்கள். இரண்டிலும் சத்தம் ஒரே அளவில் இருக்க வேண்டும், ஏனென்றால் கொஞ்சம் கூடுதலாக ஒலிப்பதே ‘நல்லா இருக்கு’ என்று ஏமாற்றிவிடும். நண்பரை விட்டு எது எதென்று சொல்லாமல் மாற்றி மாற்றி மாட்டச் சொல்லி, பத்து முறை ஊகியுங்கள். ஐந்தோ ஆறோதான் சரி என்றால் பெட்டியை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடலாம்.