கடற்காற்றும் யூரியா மூட்டையும்

கல்லங்குறிச்சி முதலிய அரியலூர்ப் பகுதிக் கிராமங்களில், மக்காச்சோளத்திற்கும் பருத்திக்கும் மேலுரமிடும் பருவத்தில் யூரியா தட்டின்றிக் கிடைக்குமா என்பதே குடியானவர்களின் முதற் கவலையாகும். 45 கிலோ மூட்டையின் விலை ரூ. 242 என்று (வேப்பெண்ணெய்ப் பூச்சும் வரியும் நீங்கலாக) மத்திய சர்க்காரால் கட்டுப்படுத்தப்பட்டிருப்பினும், யூரியாவுக்கு மூலப்பொருளாகிய இயற்கை வாயுவிற் பெரும்பகுதி அந்நிய நாடுகளினின்று கப்பலில் வரவேண்டியிருக்கின்றது. இதற்கு மாற்றாகக் கருதப்படும் பசுமை ஹைட்ரஜனைப் பற்றி நிலச்சுவான்தாரரும் கிராம உத்தியோகஸ்தரும் அறியவேண்டியவற்றை ஈண்டுச் சுருக்கமாய்க் கூறுவோம்.

ஒரு மூட்டைக்கு வேண்டுவன

மின்சாரத்தைத் தண்ணீரிற் செலுத்தினால் தண்ணீர் ஹைட்ரஜனாகவும் பிராணவாயுவாகவும் பிரியும். அம்மின்சாரம் காற்று, சூரியவெப்பம் முதலியவற்றால் உண்டானதாயின், கிடைப்பது பசுமை ஹைட்ரஜன். அதனைக் காற்றிலுள்ள நைட்ரஜனோடு சேர்த்தால் அம்மோனியா. அம்மோனியாவோடு கரியமிலவாயுவைச் சேர்த்தால் யூரியா. ஒரு மூட்டை யூரியாவுக்குச் சுமார் 25½ கிலோ அம்மோனியாவும், அதற்குச் சுமார் 4½ கிலோ ஹைட்ரஜனும் வேண்டும். ஹைட்ரஜன் ஒரு கிலோவுக்கு 50 முதல் 55 யூனிட் மின்சாரம் செல்லுமாதலால், மூட்டை ஒன்றுக்கு ஏறக்குறைய 225 முதல் 250 யூனிட் ஆகும். சுத்த ஜலமோ 40 லிட்டரளவே. கரியமிலவாயு 33 கிலோ வேண்டும். சுண்ணாம்புக்கல்லைச் சுடும் நமது ஜில்லா சிமெண்டு ஆலைகளினின்று வீணே வெளியேறுவது அவ்வாயுவே என்பது கவனிக்கத்தக்கது.

இம்முறை புதியதன்று. பஞ்சாபில் நங்கல் உரத்தொழிற்சாலை 1961இல் பக்ரா அணையின் மின்சாரத்தைக்கொண்டு தண்ணீரினின்றே ஹைட்ரஜன் எடுத்தது. பின்னர் அது வேறு மூலப்பொருளுக்கு மாறிற்று. மலிவாகவும் இடைவிடாமலும் மின்சாரம் கிடைத்தாலன்றி இத்தொழில் நிலைக்காது.

கடற்காற்றும் கம்பி வழியும்

தூத்துக்குடிக்கருகே முள்ளக்காட்டில் 1986இலேயே காற்றாலைகள் நிறுவப்பட்டன. தரைக்காற்று மே முதல் செப்டம்பர் வரை பலமாய் வீசிப் பின் தளரும். கடல்மேற் காற்று அதனினும் பலமும் சீரும் உடையது. ஆகவே 2024 ஜூனில் மத்திய சர்க்கார், குஜராத், தமிழ்நாடு ஆகிய இரண்டின் கடலிலும் தலா 500 மெகாவாட் காற்றாலைகளுக்கென ரூ. 7,453 கோடித் திட்டத்திற்கு அனுமதியளித்தது. தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் சிறியதொரு பசுமை ஹைட்ரஜன் சோதனை நிலையமும் திறக்கப்பட்டது.

காற்றுக் குறையும் மாதங்களில் ஹைட்ரஜன் யந்திரங்கள் சும்மா நின்றால் நஷ்டமே. இதற்குப் பரிகாரம், மிகுந்த மின்சாரத்தை வெளியே அனுப்பிக் குறைந்தபோது பெற்றுக்கொள்ளும் கம்பி இணைப்புகளாம். வங்காளதேசத்தோடு 2013 முதல் இத்தகைய இணைப்பு நடைபெற்று வருகின்றது. இலங்கையோடு இணைப்பு அமைக்க 2025 ஏப்ரலில் உடன்படிக்கைக் குறிப்புக் கையெழுத்தாயிற்று. மன்னார்க் கரையிலும் நம் கரையிலும் வீசுவது ஒரே பருவக்காற்றாகையால், இருபுறக் காற்றும் ஒருங்கே ஓங்கி ஒருங்கே தளரும். ஆகவே இலங்கை, பூட்டான் ஆகியவற்றின் நீர்மின்சாரமும் வடநாட்டுச் சூரிய மின்சாரமும் கலந்தாலே இவ்விணைப்பின் முழுப்பயன் கிட்டும்.

நிலத்தார் கவனிக்கவேண்டியது

கம்பி வழிகள் பெருகுமிடத்து, அவை வயல்களின் வழியாகவே செல்லும். மத்திய மின்சார இலாகா 2024 ஜூனில் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, கோபுரம் நிற்கும் நிலத்திற்கு அதன் மதிப்பில் 200 சதவீதமும், கம்பிகளின் கீழுள்ள நிலத்திற்கு 30 சதவீதமும் நஷ்ட ஈடாகும். கோபுர நிலமென்பது நான்கு கால்களுக்கிடைப்பட்ட பரப்போடு, நாற்புறமும் ஒரு மீட்டர் கூடியதாகும். இந்நெறிகளை ஏற்பது அந்தந்த மாநில சர்க்காரைப் பொறுத்தது. ஆகவே, கிராம நிர்வாக அலுவலர்கள் அடங்கலிற் சாகுபடியையும், பட்டாவில் உரிமையாளர் பெயரையும் காலத்தே சரிபார்த்து வைத்தல் அவசியம். அளவெடுக்கையில் நிலத்தார் நேரில் இருப்பது நலம்.

கடற்காற்றாலைகள் எழும்பச் சில வருஷங்களாகும். அதுவரை கையிலுள்ள தழைச்சத்தை வீணாக்காதிருப்பதே லாபம். இறவை வீரிய மக்காச்சோளத்திற்குத் தழைச்சத்தைக் கால்பங்கு அடியுரமாகவும், அரைப்பங்கு 25ஆம் நாளிலும், மீதிக் கால்பங்கு 45ஆம் நாளிலும் இடுக. காய்ந்த மண்ணின்மேல் தூவி விடாமல், ஈரமுள்ளபோது செடியோரம் இட்டு மண்ணணைக்கவேண்டும். ஒரு மூட்டையை மிச்சப்படுத்தியவர் 225 யூனிட்டுக்குக் குறையாத மின்சாரத்தை மிச்சப்படுத்தியவருக்கு ஒப்பாவார்.