பக்கத்தில் தமிழ், கோப்பில் என்ன?

உங்களிடம் உள்ள பழைய தமிழ் பிடிஎஃப் ஒன்றைத் திறந்து, கண்ணெதிரே தெரிகிற ஒரு சொல்லைத் தேடல் பெட்டியில் தட்டிப் பாருங்கள். பல கோப்புகளில் ‘கிடைக்கவில்லை’ என்றே பதில் வரும். அதே சொல்லை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் நிறுத்தற்குறிகளும் கலந்து வந்து விழும். தாளில் அவ்வளவு அழகாக இருந்த தமிழ், கணினிக்குத் தமிழே அல்ல.

டிடிபி எனும் கணினிப் பக்க வடிவமைப்பு வேலையில் பக்கம் எப்படித் தெரிகிறது என்பதையே நாம் பெரும்பாலும் பார்க்கிறோம். கோப்புக்குள் என்ன இருக்கிறது என்பதையும் அதே அக்கறையோடு பார்த்தால் பாதிச் சிக்கல்கள் அச்சகத்துக்குப் போகும் முன்பே தீர்ந்துவிடும்.

ஐந்து குறியீடுகளின் கதை

மேக்கின்டாஷ் கணினி, லேசர்ரைட்டர் அச்சுப்பொறி, அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி, ஆல்டஸ் நிறுவனத்தின் பேஜ்மேக்கர் ஆகியவை 1985இல் ஒன்றுசேர்ந்தபோது டிடிபி பிறந்தது. அன்றைய எழுத்துருக்களில் 256 இடங்களே உண்டு. அதனால் ஆங்கில எழுத்துகளுக்கான இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தார்கள். பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்தால், கோப்பில் பதிவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். எழுத்துருவை மாற்றினால் தமிழ் மறைந்துவிடும்.

1991இல் வெளிவந்த யூனிகோட் குறியீட்டு முறையின் முதல் பதிப்பிலேயே தமிழுக்குத் தனி இடம் கிடைத்தது. அதிலும் ‘தமிழ்’ ஐந்து குறியீடுகள்தான்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. ஆனால் இந்த ஐந்தும் உலகின் எந்தக் கணினியிலும் தமிழாகவே இருக்கும். தமிழக அரசு 2010இல் யூனிகோடை ஏற்றது.

யூனிகோட் எழுத்துகளை ஒலி வரிசையில் சேமிக்கிறது. ‘கே’ என்பதில் முதலில் ககரம், பிறகு ஏகாரக் குறி. திரையில் அந்தக் குறி ககரத்துக்கு இடப்பக்கம் வர வேண்டும். ‘கொ’ என்றால் ஒரே குறி இரண்டாகப் பிரிந்து இருபுறமும் நிற்க வேண்டும். இதைச் செய்வது எழுத்து வடிவாக்க நிரல். ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரேஆஃபிஸ், ஸ்கிரைபஸ் போன்றவற்றில் ஹார்ஃப்பஸ் என்ற கட்டற்ற நிரல் இந்த வேலையைச் செய்கிறது. அத்தகைய நிரல் இல்லாத இடத்தில் கொம்பு தனியே நிற்கும், அல்லது புள்ளிவட்டம் தோன்றும்.

இன்டிசைனில் தமிழ் உடைந்தால் எழுத்துருவைக் குறை சொல்லும் முன், பத்திப் பாணியின் ‘ஜஸ்டிஃபிகேஷன்’ பகுதியில் ‘வேர்ல்ட்-ரெடி பேராகிராஃப் கம்போசர்’ தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே சிக்கல் தீர்ந்துவிடும். ஸ்கிரைபஸ் இலவசம்; தமிழுக்கு 1.6 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பை நிறுவுங்கள். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்த 7.0. அதற்கு யூனிகோட் தெரியாது. பழைய கோப்புகளைத் திறக்க அதை வைத்துக்கொள்ளலாம். புதிய வேலையை அதில் தொடங்க வேண்டாம்.

எழுத்துருக்களுக்குப் பஞ்சமில்லை. நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர், கேட்டமரன், ஹிந்த் மதுரை, மீரா இனிமை ஆகியவை கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கின்றன. திறந்த உரிமம் கொண்டவை என்பதால் விற்பனைக்கு வரும் நூல்களிலும் பயன்படுத்தலாம்.

மாற்றிய பிறகு ஒரு மெய்ப்பு

பழைய உரையை யூனிகோடுக்கு மாற்ற என்எச்எம் கன்வெர்ட்டர், பொங்குதமிழ் போன்ற கருவிகள் உண்டு. மாற்றியதும் வேலை முடிந்துவிடுவதில்லை. மூல உரையில் இடையிடையே இருந்த ஆங்கிலச் சொற்களும் புரியாத தமிழாக மாறியிருக்கும். அவற்றை மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும்.

கண்ணுக்குத் தப்பும் பிழைகளும் உண்டு. ‘ஔ’ ஓரெழுத்து, ‘ஒள’ என்பது ஒகரமும் ளகரமும். ‘கௌ’, ‘கெள’ இரண்டும் தாளில் ஒன்றுபோலவே தெரியும். துணைக்காலுக்குப் பதில் ரகரத்தை அடித்துவிடுவதும் வழக்கம். தேடலிலும் அகரவரிசையிலும் இவை வேறு வேறு சொற்கள். இதற்காக ‘எல்லாவற்றையும் மாற்று’ என்ற பொத்தானை மட்டும் அழுத்திவிடாதீர்கள். ‘ஒளி’, ‘தெளிவு’, ‘வெள்ளம்’ என்று சரியாக இருக்கும் சொற்களும் சிதைந்துபோகும். ஒவ்வொன்றாகப் பார்த்தே மாற்ற வேண்டும்.

வரி எங்கே முறியலாம்?

குறுகிய பத்திகளில் நீண்ட தமிழ்ச் சொற்கள் வரும்போது சொற்களுக்கு நடுவே பெரிய வெள்ளை இடைவெளிகள் விழும். அவற்றை மூடக் கையால் என்டர் தட்டுவதும் சிறுகோடு அடிப்பதும் பெருந்தீங்கு. பின்னால் ஒரு வரி கூடினாலோ குறைந்தாலோ அந்தக் கோடு வரியின் நடுவில் வந்து நிற்கும். சொல் பிரிய வேண்டிய இடத்தில் கன்ட்ரோல், ஷிஃப்ட், சிறுகோடு மூன்றையும் சேர்த்து அழுத்தினால் இன்டிசைன் ‘தேவைப்படும்போது மட்டும்’ தோன்றும் கோட்டை வைக்கும்.

தானாகச் சொல் பிரிக்கும் வசதியும் இருக்கிறது. இந்திய மொழிகளுக்கான பிரிப்பு விதிகளை சந்தோஷ் தொட்டிங்கல் உருவாக்கித் திறந்த உரிமத்தில் தந்திருக்கிறார். எந்தக் கருவியைப் பயன்படுத்தினாலும் ஒரு விதியை மறக்க வேண்டாம்: புள்ளி வைத்த மெய்யெழுத்து வரியின் முதலில் வரக் கூடாது.

எழுத்திடைவெளியைச் சுழியத்திலேயே வையுங்கள். அதை நீட்டினால் கொம்பும் காலும் தம் எழுத்தைவிட்டு விலகத் தொடங்கும். தமிழில் மேலே விலங்கும் புள்ளியும், கீழே உகர ஊகாரச் சுழிகளும் இடம் கேட்கின்றன. அதனால் இன்டிசைன் தானாகத் தரும் 120 சதவீத வரியிடைவெளி பெரும்பாலும் நெருக்கமாகவே தெரியும். 11 புள்ளி எழுத்துக்கு 15 அல்லது 16 புள்ளியில் தொடங்கி, எழுத்துருவுக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்கலாம்.

தலைப்பு என்றால் அளவைப் பெரிதாக்கித் தடிமனாக்குவதோடு நிறுத்திவிடக் கூடாது. அதற்கென ஒரு பத்திப் பாணி உருவாக்கினால்தான் அது தலைப்பு என்பது கோப்புக்குத் தெரியும். பொருளடக்கமும் மின்னூலின் அத்தியாயப் பிரிவும் அதை வைத்தே உருவாகின்றன.

கறுப்பும் படமும்

திரையில் கறுப்பாகத் தெரிவதெல்லாம் அச்சில் ஒரே கறுப்பு அல்ல. ஆர்ஜிபி கறுப்பு அச்சுக்கு மாறும்போது நான்கு மைகளின் கலவையாகிவிடும். நான்கு தட்டுகளில் ஒன்று நூலளவு நகர்ந்தாலும் சிறிய எழுத்துகளைச் சுற்றி நிழல் விழும். உரையின் எழுத்து கறுப்பு மையில் மட்டும் 100 சதவீதம் இருக்க வேண்டும். இன்டிசைனில் ‘செபரேஷன்ஸ் பிரிவ்யூ’ பலகையைத் திறந்து கறுப்பை அணைத்துப் பாருங்கள். எழுத்து முழுவதும் மறைந்தால் சரி. மங்கலாக மிஞ்சினால் திருத்த வேண்டும்.

படங்களுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தரமான ஆஃப்செட் அச்சில் அங்குலத்துக்கு 150 புள்ளி வரிசைகள் வழக்கம். அதைப்போல் இருமடங்கு பிக்சல் இருந்தால் நுணுக்கம் கெடாது. 4000 பிக்சல் அகலமுள்ள படத்தை 13 அங்குலம் வரை பயன்படுத்தலாம். 1200 பிக்சல் என்றால் 4 அங்குலம்தான். வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறவர்களிடம், சுருங்காமல் வர ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். பக்கத்தில் வைத்த பிறகு ‘லிங்க்ஸ்’ பலகையில் ‘எஃபெக்டிவ் பிபிஐ’ எண்ணைப் பாருங்கள். படத்தைப் பெரிதாக்கும்போது குறைவது இந்த எண்தான்.

அனுப்பும் முன்

வெட்டுக்கு அப்பால் நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் வண்ணம் நீள்கிறதா, எழுத்துருக்கள் பிடிஎஃப் கோப்புக்குள் பதிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஸ்கிரைபஸின் ‘பிரீஃப்ளைட் வெரிஃபையர்’ பல குறைகளைத் தானே காட்டிக்கொடுக்கும். அச்சானதும் இன்டிசைனில் ‘பேக்கேஜ்’, ஸ்கிரைபஸில் ‘கலெக்ட் ஃபார் அவுட்புட்’ கட்டளையைக் கொடுத்துப் படம், எழுத்துரு, கோப்பு மூன்றையும் ஒரே அடைவில் சேமியுங்கள். மறுபதிப்பின்போது தேட வேண்டியிராது. யூனிகோடில் செய்த பிடிஎஃப் கோப்பிலிருந்து நகலெடுத்தாலும் சில நேரம் கொம்புகள் இடம் மாறி வரும். ஆகவே இறுதி உரையைத் தனியாக ஒரு யூனிகோட் கோப்பாகவும் வைத்திருப்பது நல்லது.

இவ்வளவு கவனம் அச்சுத் தரத்துக்காக மட்டும் அல்ல. பார்வையற்ற வாசகர்கள் என்விடிஏ போன்ற இலவசத் திரைவாசிப்பான்களில் தமிழ் நூல்களைக் கேட்டுப் படிக்கிறார்கள். பாமினியில் செய்த கோப்பு அவர்களுக்கு ஆங்கில எழுத்துகளின் இரைச்சலாகத்தான் கேட்கும். யூனிகோடில் முறையாகக் கட்டிய கோப்பு மின்னூலாகும், தேடலில் கிடைக்கும், வாசித்துக் காட்டும் குரலிலும் தமிழாக ஒலிக்கும். கையில் இருக்கும் எல்லாப் பழைய கோப்புகளையும் ஒரே நாளில் மாற்ற முடியாது. அடுத்து மேசைக்கு வரும் வேலையை யூனிகோடில் தொடங்க முடியும். மறுபதிப்புக்கு வரும் நூல்களை அப்போதைக்கப்போது மாற்றிக்கொள்ளலாம்.